பிசகு என்று எழுதச் சொன்னவர்

காலை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும்போது நான் வழக்கமாகக் காது கொடுப்பதில்லை. இந்த வயதில் அதைக் கேட்கத் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் ஒரு செத்தவீட்டுக்குப் போக வேண்டிவரும். அன்றைக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தேன். "குருநகரைப் பிறப்பிடமாகக் கொண்டவரும், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் கடமையாற்றியவருமான செல்வி றீற்றா சூசைப்பிள்ளை" என்று அறிவிப்பாளர் சொன்னார். காலமானார் என்றார். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்: "ஆர் உது, உங்கடை றீற்றா மிஸ்ஸே?"

"ஓம்" என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு படலை வரை போய்விட்டேன். அவள்தான் துவாயும் கையுமாக ஓடிவந்து, பாதி முகத்தில் சவர்க்கார நுரை இருப்பதைக் காட்டினாள். கோப்பாயிலிருந்து குருநகர் வரை எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவில்லை.

செத்தவீட்டில் நான் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "இருவது வருசத்துக்கு மேலை உந்தப் புற்றுகளையே வெட்டிக்கொண்டிருந்தவ. அதுதான் தொத்தியிருக்கும்" என்றார் ஒருவர். எனக்குப் பொறுக்கவில்லை. "அது தொத்திற வருத்தமில்லை! அவ செத்தது மாரடைப்பிலை!" என்று அந்த வீடே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். றீற்றா மிஸ்ஸின் தம்பி சவிரிமுத்து வந்து என் கையைப் பிடித்து வெளியே பந்தலுக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினார். அந்தப் பெண்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவர்கள் சொன்னதில் புதிதாக ஒன்றுமில்லை. இதைச் சொல்லாதேங்கோ, இதை நம்பாதேங்கோ என்று மிஸ் தன் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் கிடக்கும்போதும் அதையே அவர் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் கத்தினேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டவரும் சவிரிமுத்துதான். "மாஸ்டர், நீங்கள் எழுதினா வடிவா இருக்கும். அக்காவின்ரை சேவையைப் பற்றி ரெண்டு பக்கம் காணும்" என்றார். வடிவாக, அழகான தமிழில் எழுதப் போய்த்தான் நான் கெட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு பக்கத்தில் நிற்கவும் முடியவில்லை. சேவை என்ற சொல்லை மிஸ்ஸின் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவே கிடந்த ஒரு விஷயத்தைத்தான் எழுதப்போகிறேன். படித்த பிறகு மலரில் சேர்ப்பதா விடுவதா என்று சவிரிமுத்து தீர்மானிக்கட்டும்.

ஐம்பத்தாறுக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானத்தையும் தமிழிலேயே படிப்பிக்க வேண்டும் என்று வந்தபோது, என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தலைகால் தெரியவில்லை. சொற்களஞ்சியங்கள் வந்தன. செல் என்று பழகியதைக் கலம் என்றோம். திசுவை இழையம் என்றோம். குறொமோசோமை நிறமூர்த்தம் என்றோம். மைக்றொஸ்கோப்பை நுணுக்குக்காட்டி என்றோம். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பண்டிகைச் சட்டைபோல இருந்தது. கலம் பிரிவதைப் பற்றி ஒரு பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, அதைக் கண்ணால் பார்க்காமல் எழுதுவது சரியில்லை என்று தோன்றியது. எங்கள் பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டியில் தூசியைத் தவிர எதையும் பார்க்க முடியாது. பட்டணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நல்லது ஒன்று இருக்கிறது, ஒரு மிஸ் இருக்கிறார், கேட்டால் காட்டுவார் என்றார்கள். அறுபதோ அறுபத்தொன்றோ, சோழகக் காற்று அடிக்கும் மாதம்.

கதவைத் தட்டினேன். "உள்ளை வாறதெண்டா மூச்சை வெளியிலை விட்டிட்டு வாங்கோ" என்று ஒரு குரல் கேட்டது. என்னைவிட ஐந்தாறு வயது குறைந்த ஒரு பெண், யன்னல் எல்லாம் அடைத்த அறைக்குள் வேர்த்து ஒழுக இருந்தார். நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துண்டை மெழுகில் புதைத்து, அந்த மெழுகுக் கட்டியை ஒரு கூரான அலகால் சீவிக்கொண்டிருந்தார். சீவலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு நாடாவாக நீண்டு வந்தது. கடற்காற்று ஒரு மூச்சு உள்ளே வந்தாலும் அந்த நாடா பறந்துவிடும். அவர் அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுத்து முடிக்கும் வரை நான் சுவரோடு நின்றேன்.

"இதுக்கு வழுக்கி என்று பெயர் வைத்திருக்கிறோம்" என்று அந்தக் கண்ணாடித் துண்டைக் காட்டி என் புலமையை விரித்தேன். "வழுக்கியோ? கையிலையிருந்து விழுந்திடுமெண்டு பேரிலையே சொல்லி வைச்சிருக்கிறியள்" என்று அவர் சிரித்தார். சாகும்வரை அதைச் சிலைட் என்றுதான் சொன்னார்.

சாயம் ஏற்றிய பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். முதலில் நல்ல இழையம். கலங்கள் ரோசா நிறத்தில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதாப் புள்ளியாக அதன் கரு. பிறகு கண்ணாடியை மாற்றினார். ஊதா நிறம் பெருத்து, கறுத்து, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல் கிடந்தது. ஒரு கலம் இரண்டாகப் பிரிவதற்குப் பதிலாக மூன்று பக்கமும் இழுபட்டுக்கொண்டு நின்றது. நிறமூர்த்தங்கள் தறிகெட்டுச் சிதறியிருந்தன. நான் எத்தனையோ தரம் கரும்பலகையில் வரைந்த படம். அதன் கெட்ட உரு இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"உது கெட்ட கலம் எண்டு எழுதிப்போடாதேங்கோ மாஸ்டர்" என்றார். "நல்ல கலம் பக்கத்துக் கலம் முட்டினவுடனை நிண்டிடும். உதுக்கு நிக்கத் தெரியேல்லை. நிக்கிறது எப்பிடியெண்டதை மறந்துபோச்சு. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து இருபது வருடம். மாதத்துக்கு ஒன்றிரண்டு தரம் போவேன். நான் எழுதுவதை வாசித்துக் காட்டுவேன், அவர் குறை சொல்லுவார், நான் கோபித்துக்கொண்டு திரும்புவேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் சொன்னதில் பாதி சரியாக இருக்கும். அந்தப் பாதியையும் என் நடையில் மாற்றி எழுதிவிடுவேன். ஒருநாள் என் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகப்பனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். சூசைப்பிள்ளையர் கடலில் கிடந்து வளர்ந்தவர், கலம் என்றால் அவருக்குத் தோணி. "கலம் பிரிஞ்சா அதிலை போறவன் எல்லாரும் கடலிலை தாண்டு போவானே பிள்ளை. அதைப் போய் வளர்ச்சி எண்டு எழுதியிருக்கிறார் உன்ரை மாஸ்டர்?" என்று கேட்டாராம். மிஸ் அதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சனத்துக்குப் படிப்பு வந்தால் சொல் தானாக விளங்கும் என்றேன். எனக்கு அப்போது அப்படி ஒரு நம்பிக்கை.

இனிச் சொல்லப்போவது அந்த நம்பிக்கை செய்த கேடு.

பெண்களுக்குக் கருப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோயைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கலாம் என்று நாங்கள் சிலபேர் தீர்மானித்தோம். நேரத்தோடு வந்தால் காப்பாற்றலாம், வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள் என்று சொல்வதுதான் நோக்கம். எழுத்து என்னுடையது. நோய் எப்படி வருகிறது என்பதற்கும் ஒரு வரி வேண்டும் அல்லவா? கலத்தின் கருவுக்குள் உள்ள செய்தி, கலம் பிரியும்போதெல்லாம் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கையில் எங்கோ ஒரு இடத்தில் மாறிவிடுகிறது. அந்த மாற்றம் அடுத்தடுத்த கலங்களுக்கும் போகிறது. அந்த மாற்றத்துக்குச் சொற்களஞ்சியத்தில் இருந்த சொல் விகாரம். நானும் எழுதினேன்: "கலங்களில் ஏற்படும் விகாரமே இந்நோய்க்குக் காரணமாகும்."

மிஸ் அந்த வரியில் விரலை வைத்தார்.

"உந்தச் சொல் வேண்டாம் மாஸ்டர். எங்கடை பக்கத்திலை விகாரம் எண்டா நடத்தைக் கேடு, தெரியுமே? ஒரு பொம்பிளையைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னா அவளுக்குக் கலியாணம் நடவாது."

"அது வேறு பொருள். இது விஞ்ஞானச் சொல்."

"வாசிக்கிறவை விஞ்ஞானியளோ? பிசகு எண்டு போடுங்கோ. படியெடுக்கேக்கை வந்த பிசகு. ஆருக்கும் விளங்கும்."

பிசகு என்பது சந்தையில் கேட்கும் சொல் என்றேன். நாலுபேர் பார்க்கிற அச்சில் அதைப் போட முடியாது என்றேன். "நீங்கள் எழுதிறியள். நான் வெட்டுறன்" என்று சொல்லிவிட்டு மிஸ் அலகைத் தீட்டப் போய்விட்டார். பிரசுரம் விகாரத்தோடு அச்சாகி, கோயில் வாசலிலும் பூசை முடிந்தபின் தேவாலயத்திலும் ஆஸ்பத்திரியிலும் கொடுக்கப்பட்டது. என் மனைவியின் தமையன் அதன் தமிழைப் புகழ்ந்து எனக்கு ஒரு கடிதம்கூட எழுதினார்.

இரண்டரை வருடத்துக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை, உடனே வரும்படி மிஸ் ஆளனுப்பினார். போனேன். நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தில் இரண்டு சிலைட்டுகள் இருந்தன. முதலாவதை வைத்தார். பார்த்தேன். மேலடுக்கில் கறுத்துப் பெருத்த கலங்கள். அவற்றுக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று அறுபடாமல் ஓடியது. மேலடுக்கையும் உள்ளே உள்ள சதையையும் பிரிக்கிற சவ்வு அது. மிஸ் அதை வேலி என்பார். "வேலிக்குள்ளைதான் நிக்குது, கண்டியளே?" என்றார். வேலிக்குள் நிற்கும்போது வெட்டி எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்ளும்.

இரண்டாவதை வைத்தார். கோட்டைத் தேடினேன். இல்லை. கலங்கள் கூட்டங்கூட்டமாகக் கீழே இறங்கி, இரத்தக் குழாய் ஒன்றின் ஓரம் வரை போயிருந்தன.

"ஆர் இது?" என்றேன்.

"ரெண்டும் ஒரே ஆள்தான் மாஸ்டர்."

கொழும்புத்துறையைச் சேர்ந்த லூர்தம்மா என்ற பெண். முப்பத்தாறு வயது. கணவர் அந்தோனிமுத்து கடற்தொழிலாளி. ஒரே மகள். பெயரை எழுதுவதற்கு அந்த மகளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். முதல் தரம் சோதனைக்குத் துண்டு எடுத்தபோது, சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்து, கையில் எங்கள் பிரசுரத்தையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். லூர்தம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தோனிமுத்து எழுத்துக் கூட்டி வாசிப்பார். விகாரமே காரணமாகும் என்ற இடத்தில் நிறுத்தினாராம். திரும்பவும் வாசித்தாராம். பிறகு மனைவியின் பாயைச் சுருட்டிக் கொண்டுபோய் அடுப்படி விறாந்தையில் போட்டுவிட்டார். அடிக்கவில்லை, ஏசவில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை. சத்திரசிகிச்சைக்குப் போனால் ஊர் காரணம் கேட்கும் என்று லூர்தம்மா போகாமல் விட்டுவிட்டார். இரண்டரை வருடம் அந்த விறாந்தையிலேயே படுத்திருக்கிறார்.

இதையெல்லாம் லூர்தம்மாவிடமே கேட்டு அறிந்த மிஸ், என்னை அவருடைய கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னைத் தண்டிக்கவே கூட்டிக்கொண்டு போகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். வார்ட்டில் ஓரக் கட்டில். முகத்தில் எலும்பும் கண்ணும் மட்டும்தான் இருந்தன.

"அந்த நோட்டீஸ் எழுதின மாஸ்டர் இவர்தான்" என்றார் மிஸ்.

லூர்தம்மா எழும்பி இருக்கப் பார்த்தார், முடியவில்லை. என் மீது கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை மரியாதையோடு பார்த்தார்.

"மாஸ்டர், நான் அப்பிடிப்பட்டவள் இல்லை" என்றார். "நான் என்ன பிழை செய்தனான் எண்டு எனக்கு விளங்கேல்லை."

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை அம்மா. அந்தச் சொல்லுக்கு வேறை கருத்து" என்றேன்.

"அப்ப அதை எழுதித் தாங்கோ. நான் சொன்னா அவர் நம்பமாட்டார். எழுத்திலை இருந்தா நம்புவார்."

நாளைக்கே கொண்டுவாறன் என்று சொன்னேன். வாக்குக் கொடுத்தேன். மிஸ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமையும் எழுதிக்கொண்டிருந்தேன். டி.என்.ஏ. என்றால் என்ன, அது எப்படிப் படியெடுக்கப்படுகிறது, கதிர்களும் புகையும் அதை எப்படி மாற்றும், விலங்குகளில் சில வைரசுகள் என்ன செய்கின்றன, இந்த நோய் ஒருவருடைய நடத்தைக்குக் கிடைக்கிற தண்டனை இல்லை என்பதெல்லாம் எழுதினேன். எழுதினேன், கிழித்தேன், திரும்ப எழுதினேன். ஒரேயொரு வரியைத்தான் எழுத முடியாமல் இருந்தது. அந்தச் சொல்லைப் போட்டது பிழை, பிழை என்னுடையது என்ற வரி. அதை எழுதாமல் அதன் சுற்றுவட்டாரம் முழுவதையும் எழுதினேன். திங்கட்கிழமை காலை மூன்று பக்கங்களை மடித்து உறையில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

ஓரக் கட்டிலில் வேறு ஒரு கிழவி படுத்திருந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சனிக்கிழமையே லூர்தம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

ஆய்வுகூடத்துக்குப் போனேன். மிஸ் அலகிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார். உறையை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். "வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்க வேணும்" என்றேன். "ஓம்" என்றார். நானே கொண்டுபோயிருக்கலாம். அரியாலைப் பக்கம் திரும்பினால் கொழும்புத்துறை எவ்வளவு தூரம்? அந்தோனிமுத்துவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம்.

அடுத்த கிழமை கேட்டேன்: "அந்தக் கடதாசி?"

"குடுபட்டுது மாஸ்டர்" என்றார்.

"அவர் என்ன சொன்னார்?"

"வாசிச்சவர்."

அவ்வளவுதான். லூர்தம்மா செத்துப்போனார் என்று பிறகு அவரே ஒருநாள் சொன்னார். என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. பிரசுரத்தை மறுபடி அடித்தபோது நானாகவே பிசகு என்று மாற்றினேன். ஏன் என்று குழுவில் கேட்டார்கள். எளிமைக்காக என்றேன். மிஸ்ஸுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். வாசித்துப் பார்த்து, "நல்லது" என்று மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். அந்த நல்லதைக் கேட்டுவிட்டு நான் சைக்கிளை உருட்டிக்கொண்டே கனதூரம் நடந்தேன்.

அதற்குப் பிறகு துண்டு எடுத்த பெண்கள் குறித்த நாளுக்கு வராவிட்டால், மிஸ் தானே விலாசத்தை எடுத்துக்கொண்டு தேடிப் போகத் தொடங்கினார். அது அவருடைய வேலையே இல்லை. ஆய்வுகூடத்தில் இருப்பவர்களுக்கு நோயாளியின் முகமே தெரியாது. வேலை முடிந்து பஸ் ஏறிப் போவார். நாவற்குழி, கோப்பாய், ஒருமுறை ஊர்காவற்றுறை வரைக்கும். சில வீடுகளில் படலையைத் திறக்கமாட்டார்கள். "வேலிக்கு வெளியிலை நிண்டு வேலியைப் பற்றிக் கதைச்சிட்டு வந்தனான்" என்று ஒருநாள் சொன்னார். கூட்டிக்கொண்டு வந்தவர்களில் எத்தனைபேர் பிழைத்தார்கள் என்று அவர் எனக்குச் சொன்னதில்லை. இந்த மலரை வாசிப்பவர்களில் அவர்களும் இருக்கக்கூடும்.

எழுபதுகளின் கடைசியில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு டொக்டர் சில சஞ்சிகைகளை ஆய்வுகூடத்தில் விட்டுப் போயிருந்தார். கோழிகளுக்குப் புற்றுநோய் கொண்டுவரும் வைரசு ஒன்றில் அந்த நோயை உண்டாக்குகிற பரம்பரை அலகு, அதாவது ஜீன், ஒன்று உண்டு. அதே அலகு, நோயே இல்லாத கோழியின் சொந்தக் கலங்களிலும் இருக்கிறது என்று கண்டிருந்தார்கள். வைரசுதான் அதைக் கோழியிடமிருந்து எடுத்திருக்க வேண்டும். கலம் வளர்வதற்கு உதவுகிற அலகு. அதில் ஒரு சிறு மாற்றம் வந்தால் அதுவே நிற்கத் தெரியாத வளர்ச்சியாகிவிடுகிறது. நான் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல, மிஸ் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் அப்படி வேலையை நிறுத்தி நான் கண்டதில்லை.

"அப்ப உது வெளியிலையிருந்து வந்த கள்ளன் இல்லை" என்றார். "வீட்டுக்குள்ளை வேலை செய்துகொண்டு நிண்ட ஆள்."

"ஓம்."

"அப்ப ஆரை மாஸ்டர் குற்றம் சொல்லுறது?"

கோழியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, கதிர், புகை, தற்செயல் என்று ஒரு நீளமான பதில் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் லூர்தம்மாவைப் பற்றி அவரிடம் மனம் விட்டுக் கதைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம் எப்போதும் இருந்தது. நேரம் வரட்டும் என்று இருந்தேன். அன்றைக்கு நேரம் வந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

செத்தவீட்டன்று, மிஸ்ஸைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டுச் சனம் கலைந்துகொண்டிருந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என்னிடம் வந்தார்.

"கோப்பாய் மாஸ்டர்தானே? நான் லூர்தம்மாவின்ரை மகள்."

பக்கத்துக் கல்லறை மதிலைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்தார். ஏச வந்தவர் இல்லை.

"உங்களைக் கண்டு ஒரு சொல்லுச் சொல்ல வேணுமெண்டு அப்பா சாகும்மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர். உங்களைப்போலை படிச்ச ஒராள் தன்ரை பிழையை எழுதி ஒப்புக்கொண்டு அனுப்பினதை அவர் மறக்கவே இல்லை. அதை மூண்டு தரம் வாசிச்சவர். பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவின்ரை பாயை எடுத்துக்கொண்டுவந்து, தன்ரை பாய்க்குப் பக்கத்திலை விரிச்சவர். அம்மா பதினொரு நாள் அதிலை படுத்திருந்து செத்தவ."

எனக்கு விளங்கவில்லை. என் மூன்று பக்கங்களில் அப்படி ஒரு வரி இல்லை என்று எனக்குத்தானே தெரியும்? என்றைக்குக் கிடைத்தது என்று கேட்டேன். அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த அன்றைக்கே, சனிக்கிழமை, றீற்றா மிஸ் கூடவே வந்து கொடுத்தார் என்றார். அந்தச் சனிக்கிழமை நான் கோப்பாயில் மேசைக்கு முன்னால் இருந்து கடதாசி கிழித்துக்கொண்டிருந்தேன்.

செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்த கடதாசியை எடுத்துத் தந்தார். ஆய்வுகூடத்துக் கடதாசி. மிஸ்ஸின் எழுத்து. எழுதியிருந்தது இது:

"லூர்தம்மா ஒரு பிழையும் செய்யவில்லை. உடம்புக்குள் கலங்கள் படியெடுக்கும்போது வந்த ஒரு பிசகு இந்த வருத்தம். அது யாருக்கும் வரும். நோட்டீசில் விகாரம் என்று எழுதியது பிழையான சொல். அந்தப் பிழையைச் செய்தவன் நான். லூர்தம்மாவிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

கீழே என் பெயர். பெயருக்கு மேலே கையெழுத்து வைக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. என் கையெழுத்து மிஸ்ஸுக்கு நன்றாகத் தெரியும், வைத்திருக்கலாம். அதை மட்டும் அவர் செய்யவில்லை.

பின்னேரம் சவிரிமுத்துவிடம் கேட்டு, ஆய்வுகூடத்திலிருந்து வந்த மிஸ்ஸின் சாமான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் உறை அதற்குள் இருந்தது. நான் ஒட்டியபடியே இருந்தது. அவர் அதைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. உள்ளே என்ன இருக்கும், என்ன இருக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்புத்துறைக்குப் போனேன். பன்னிரண்டு வருடம் பிந்திப் போனேன். அந்த மகளிடம் உண்மையைச் சொன்னேன். இந்த எழுத்து என்னுடையது இல்லை, அன்றைக்கு இதை எழுத எனக்குத் துணிவு வரவில்லை என்று சொன்னேன். தாயின் பெயரை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. ஒளிக்கிறதுக்கு அம்மா என்ன செய்தவ?" என்றார். பிறகு எழும்பிப் போய்ச் செபப் புத்தகத்தைக் கொண்டுவந்து, கடதாசியை விரித்து மேசையில் வைத்தார்.

றீற்றா மிஸ் எனக்குச் சொன்ன எதையும் நான் என் நடையில் மாற்றாமல் விட்டதில்லை. இந்தச் சில வரிகளில் மாற்றுவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. கொப்பியில் அப்படியே படியெடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிரதி ஒன்றுதான். பிறகு பேனையை வாங்கி, மிஸ் விட்டுவைத்த இடத்தில் கையெழுத்து வைத்தேன்.